ஒரே சொல் பதினைந்து முறை

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட இலக்கிய வகுப்பில் ஆற்றிய உரை)

நான் ஒரு பெரிய காவியத்தைப் பற்றிப் பேச வரவில்லை. மொத்தம் 25 வரிகள் கொண்ட ஒரு சின்னஞ்சிறு கவிதையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஜெர்மன் மொழியில் எழுதப்பட்டது. எழுதியவர் ஹைன்ரிஹ் ஹைனே. எழுதிய ஆண்டு 1844. கவிதையின் பெயர் "சிலேசிய நெசவாளிகள்".

இந்த 25 வரிகளுக்குள் "நெய்கிறோம்" என்று பொருள்படும் சொல் 15 முறை வருகிறது. ஆம், 15 முறை! எண்ணித்தான் சொல்கிறேன். ஒரு சொல்லை இத்தனை முறை திருப்பிச் சொன்னால் கேட்பவனுக்குச் சலிப்புத் தட்ட வேண்டும். ஆனால் இந்தக் கவிதையைக் கேட்டவர்களுக்குச் சலிப்புத் தட்டவில்லை. பிரஷ்ய சர்க்காருக்குப் பயம்தான் தட்டியது. கவிதையைத் தடை செய்தார்கள். தடையை மீறி அதை மேடையில் படித்த ஒருவரை 1846-ல் சிறையில் போட்டார்கள். இந்தச் சொல் எப்படி அந்த வேலையைச் செய்தது? இதைத்தான் இன்று பிரித்துப் பார்க்கப் போகிறோம், தறியைக் கழற்றிப் பார்ப்பதுபோல.

நம்மிடையே ஓர் அபிப்பிராயம் உலவுகிறது. "கருத்துச் சரியாக இருந்தால் போதும் தோழர், யாப்பு, எதுகை, மோனை என்பதெல்லாம் பண்டிதர்களுக்குச் சோறு போடுகிற வேலை" என்கிறார்கள். நல்ல தோழர்கள்தான் இப்படிச் சொல்கிறார்கள். ஆனால் என்ன நடக்கிறது? மே தின மலர்தோறும் பாட்டுகள் வருகின்றன. கருத்தில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அடுத்த மே தினத்துக்குள் எழுதியவருக்கே மறந்துபோகிறது. கருத்து சரி, கட்டு இல்லை. கட்டில்லாத கதிர் களத்துக்கு வந்து சேராது என்பது அறுவடைக்குப் போகிற தோழர்களுக்குத் தெரியும். வழியெல்லாம் உதிர்ந்துவிடும்.

முதலில் நடந்த சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் கவிதை விளங்காது.

சிலேசியா அன்று பிரஷ்ய ராஜ்யத்தின் ஒரு மாகாணம். அதன் பெரும்பகுதி இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. மலையடிவாரக் கிராமங்கள். வீட்டுக்கு வீடு கைத்தறி. நூல் கொடுப்பவன் வியாபாரி. நெய்பவன் நெசவாளி. நெய்த துணிக்கு விலை சொல்பவன் மறுபடியும் வியாபாரி. நூல் வாங்கிக் கூலிக்கு நெய்கிற நம்மூர்க் கைத்தறித் தோழர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தின் இயந்திரத் துணி வந்து சந்தையில் விலையை இறக்கியது. வியாபாரி தன் லாபத்தை இறக்கிக்கொள்ளவில்லை, கூலியை இறக்கினான்.

பேட்டர்ஸ்வால்டாவ் என்ற கிராமத்தில் ஸ்வான்ஸிகர் என்ற வியாபாரக் குடும்பம். கூலியைக் குறைப்பதில் பேர்போன குடும்பம். நெசவாளிகள் அவர்களைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டினார்கள். "இரத்தத் தீர்ப்பு" என்று அதற்குப் பெயர். 1844 ஜூன் 3-ந் தேதி அந்த வீட்டின் முன்னால் போய் அதைப் பாடினார்கள். பாடியவர்களில் ஒருவனைப் பிடித்துப் போலீசில் கொடுத்தார்கள். மறுநாள் ஊரே திரண்டு வந்தது. கூலியை உயர்த்து, பிடித்தவனை விடு என்றார்கள். மறுத்தபோது மாளிகைக்குள் புகுந்தார்கள். ஜூன் 5-ந் தேதி பக்கத்து ஊரான லாங்கன்பீலாவில் பட்டாளம் சுட்டது. 11 பேர் செத்தார்கள். பிறகு பீரங்கியோடு கூடுதல் பட்டாளம் வந்தது. எழுச்சியை அடக்கிப் பலருக்குச் சிறையும் சவுக்கடியும் கொடுத்தார்கள்.

இந்தச் செய்தி பாரிசுக்கு எட்டியது. ஹைனே 1831 முதல் பாரிசில்தான் வாழ்ந்தார். அப்போது மார்க்சும் அங்கே இருந்தார், 26 வயது இளைஞர். இருவரும் நெருங்கிய நண்பர்கள். பாரிசிலிருந்து வெளிவந்த "ஃபோர்வேர்ட்ஸ்" என்ற ஜெர்மன் ஏட்டில் ஜூலை 10-ந் தேதி ஹைனேயின் கவிதை அச்சாயிற்று. துப்பாக்கி வெடித்து ஐந்து வாரந்தான் ஆகியிருந்தது. அடுத்த மாதம் அதே ஏட்டில் மார்க்ஸ் இந்த எழுச்சியைப் பற்றி எழுதினார். நெசவாளிகள் இயந்திரங்களை மட்டும் உடைக்கவில்லை, கணக்குப் புத்தகங்களையும் சொத்துப் பத்திரங்களையும் அழித்தார்கள் என்று அதில் குறிப்பிட்டார். அவர்கள் கட்டிய பாட்டையும் பாராட்டினார்.

இனிக் கவிதையின் கட்டுக்கோப்பைப் பார்ப்போம்.

ஐந்து சரணங்கள், சரணத்துக்கு ஐந்து வரிகள். இரண்டிரண்டு வரியாக முதல் நான்கும் ஒலியில் சேருகின்றன. முதல் வரியின் கடைசியும் இரண்டாம் வரியின் கடைசியும் ஒரே ஓசை, மூன்றும் நான்கும் வேறோர் ஓசை. நம் பாட்டில் வரியின் தலைப்பில் எதுகை வரும், இரண்டாம் எழுத்து ஒன்றும். ஜெர்மன் பாட்டில் வரியின் வாலில் வரும். நம் இலக்கணம் அதை இயைபு என்கிறது. ஐந்தாம் வரி யாரோடும் சேராது. அது தனி. ஒவ்வொரு சரணத்திலும் அதே வரி, ஓர் எழுத்துக்கூட மாறாமல். "நெய்கிறோம்" என்ற பொருள் தரும் சொல் இரண்டு முறை, அவ்வளவுதான்.

நம் கீர்த்தனையில் பல்லவி முதலில் வந்துவிடும். சரணம் முடிந்ததும் அதற்குத் திரும்பிப் போவோம். இங்கே பல்லவி முதலில் வருவதில்லை. ஒவ்வொரு சரணமும் தன் வழியில் நடந்து கடைசியில் அந்தச் சொல்லில் போய் முட்டுகிறது. இந்த வேறுபாட்டை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாளம் எப்படி? நாம் நேரசை, நிரையசை என்று எழுத்தின் குறில் நெடில் பார்த்து அளக்கிறோம். ஜெர்மன்காரன் அழுத்தத்தை வைத்து அளக்கிறான். பாரம் இழுக்கிறபோது "ஐலசா" போடுகிறோமே, கயிற்றில் பலம் விழுகிற இடம் ஒன்று உண்டல்லவா? அதுதான் அழுத்தம். முதல் நான்கு வரிகளிலும் வரிக்கு நான்கு இழுப்பு. ஒரு இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவே வருகிற மெல்லசை சில இடங்களில் ஒன்று, சில இடங்களில் இரண்டு. அதனால் வரி ஒரே சீராக ஓடாது. இறுகும், தளரும், மறுபடி இறுகும். அளவு தப்பிவிட்டதென்று நினைக்க வேண்டாம். நாட்டுப்பாடலின் நடை அதுதான். ஜெர்மன் கிராமத்து மக்கள் பாடிய பாட்டின் நடையை எடுத்துத்தான் ஹைனே இதைக் கட்டினார். பாரதி சிந்தையும் கண்ணியையும் எடுத்தாரே, அதுபோல.

ஐந்தாம் வரிக்கு இழுப்பு இரண்டுதான். பாதி நீளம். மெல்லசை, வல்லசை, மெல்லசை என்று ஒரு முறை. அதே அளவில் மறுபடி ஒரு முறை. கைத்தறியில் உட்கார்ந்தவர்களே, இது என்ன? நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகிறது, அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வருகிறது. ஒரு போக்கு, ஒரு வரவு! தறியை வர்ணிக்காமலே தறியின் ஓசையை ஹைனே காதில் போட்டுவிட்டார். நான்கு வரி பேச்சு, பிறகு நாடா ஒரு தரம் போய்வருகிறது. மறுபடி பேச்சு, மறுபடி நாடா.

வேலைப் பாட்டு நமக்குப் புதிதா? ஏற்றம் இறைக்கிறவன் சாலை எண்ணிக்கொண்டே பாடுகிறான். நாற்று நடுகிற பெண்களில் ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடுகிறார்கள். அங்கே திருப்பிப் பாடுவது எதற்கு? கை ஒன்றாகப் போவதற்கு, இடுப்பு வலி மறப்பதற்கு. வேலை நடப்பதற்குப் பாட்டு உதவுகிறது. வரப்பில் குடைபிடித்து நிற்கிற பண்ணையாருக்கும் அந்தப் பாட்டில் ஆட்சேபணை இருக்காது! ஹைனே அதே வேலைப் பாட்டின் சட்டத்தை எடுத்துக்கொண்டார். ஆனால் அதில் ஓட்டிய பாவு வேறு. இந்த நெசவாளிகள் நெய்வது சந்தைக்குப் போகிற துணி அல்ல. ஜெர்மனியின் பிணத்துக்குப் போர்த்தும் கோடித் துணி! அந்தத் துணிக்குள் மூன்று சாபங்களைச் சேர்த்து நெய்கிறார்கள்.

இந்த இடத்தில் இயைபின் வேலையைக் கவனியுங்கள். ஜெர்மன் மொழியில் துணிக்கு "டூஹ்" என்று பெயர். சாபத்துக்கு "ஃப்ளூஹ்" என்று பெயர். கோடித் துணி ஒரு வரியின் கடைசியில் வருகிறது, சாபம் அடுத்த வரியின் கடைசியில் வருகிறது. இரண்டும் ஒரே ஓசையில் ஒட்டிக்கொள்கின்றன. சாபம் துணிக்குள் நெய்யப்படுகிறது என்று வரி சொல்கிறது. அப்படிச் சொல்லும்போதே சாபம் என்ற ஓசை துணி என்ற ஓசைக்குள் நெய்யப்பட்டுவிடுகிறது. "எதுகை மோனை அலங்காரம்தானே" என்று கேட்கிற தோழருக்கு இதைக் காட்டுங்கள். நகையை நாம் கழற்றி வைத்துவிடலாம். இந்த ஓசையைக் கழற்றினால் கருத்தும் கூடவே கழன்றுவிடும்.

மூன்று சாபங்கள் யாருக்கு? முதல் சாபம் கடவுளுக்கு, இரண்டாவது அரசனுக்கு, மூன்றாவது தந்தையர் நாட்டுக்கு. ஏன் மூன்று? ஏன் இந்த வரிசை? நெப்போலியனை எதிர்த்து 1813-ல் பிரஷ்யா போர் தொடுத்தபோது அதன் படைக்கு ஒரு கோஷம் கொடுத்தார்கள். கடவுள் துணையோடு, அரசனுக்காகவும் தந்தையர் நாட்டுக்காகவும் என்பது அந்தக் கோஷம். குடிப்படை வீரனின் தொப்பியில் இருந்த சிலுவையில் அது பொறித்திருந்தது. ஹைனே அந்த மூன்றையும் எடுத்தார். வரிசையைக்கூட மாற்றவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சரணம் கொடுத்தார். ஒவ்வொரு சரணத்தையும் சாபம் என்ற சொல்லால் தொடங்கினார். கவிதையின் எலும்புக்கூடே எதிரியிடமிருந்து பறித்துவந்தது, தோழர்களே! அந்த நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் அந்தக் கோஷம் தெரியும். ஆகவே கடவுளுக்குச் சாபம் என்று கேட்டவுடனேயே அடுத்து அரசன் வருவான் என்று கேட்பவனுக்குத் தெரிந்துவிடும். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பான். தெரிந்த வரிசையில் தெரியாத செய்தி வருகிறபோது அடி பலமாக விழுகிறது.

கடவுளைப் பற்றிய சரணத்தில் கொஞ்சம் நிற்கலாம். இங்கே கோவிலுக்குப் போகிற தோழர்களும் இருக்கிறீர்கள். கடவுள் உண்டா இல்லையா என்ற தர்க்கம் இந்தச் சரணத்தில் இல்லை. குளிரிலும் பசியிலும் பிரார்த்தனை செய்தவன் பேசுகிறான். அவன் பேச்சின் கட்டைப் பாருங்கள். மூன்றாம் வரியில் இரண்டு வினைகள். நம்பினோம், காத்திருந்தோம் என்ற பொருளில். நான்காம் வரியில் மூன்று வினைகள். மூன்றும் அவன் நம்மை ஏய்த்தான், கேலி செய்தான், முட்டாளாக்கினான் என்ற பொருளில் வருபவை. ஐந்து வினைகளும் ஜெர்மனில் ஒரே முன்னொட்டில் தொடங்குகின்றன, மோனை போல. நாம் போட்டது இரண்டு, திரும்பி வந்தது மூன்று! வட்டிக் கணக்கைப் போல ஏமாற்றம் நம்பிக்கையைவிட ஒன்று கூடுதலாக வந்து நிற்கிறது. கவி கணக்குப் போட்டுக் காட்டவில்லை. சொற்களின் எண்ணிக்கையே கணக்கைச் சொல்லிவிடுகிறது.

அரசன் சரணத்தில் அரசன் என்ற சொல் ஒரே வரியில் இரண்டு முறை. முதலில் வெறும் அரசன். இரண்டாம் முறை பணக்காரர்களின் அரசன். முதல் முறை சொல்லும்போது அவன் எல்லோருக்கும் பொதுவானவன்போல் நிற்கிறான். இரண்டாம் முறை அவன் யார் வீட்டு ஆள் என்பது வெளிச்சமாகிறது. ராஜ்யம் என்பது ஆளும் வர்க்கத்தின் கருவி என்று நாம் வகுப்பில் ஒரு மணி நேரம் விளக்குகிறோம். ஹைனே ஒரே சொல்லைத் திருப்பிச் சொல்லி அரை வரியில் முடித்துவிட்டார். சரணத்தின் பிற்பாதியில் கடைசிச் சல்லியையும் பிழிந்து வாங்கியவன் என்று ஒரு வரி, நாயைச் சுடுவதுபோல் சுடவைக்கிறவன் என்று அதற்கு இயைபாக அடுத்த வரி. பிழிவதும் சுடுவதும் இங்கே ஒரே ஓசையில் முடிகின்றன. லாங்கன்பீலாவின் 11 பிணங்கள் இந்த இயைபுக்குள் கிடக்கின்றன.

நான்காம் சரணம், தந்தையர் நாட்டைப் பற்றியது, எனக்கு மற்றவற்றைப் போல உறைக்கவில்லை. அங்கும் திருப்பிச் சொல்லல் இருக்கிறது. எந்த நாட்டில், எந்த நாட்டில் என்று மூன்று வரிகள் ஒரே சொல்லில் தொடங்குகின்றன. ஆனால் உள்ளே வருவது முறிந்த பூவும், அழுகலும், புழுவும். அது நெசவாளியின் வாயில் வரும் பேச்சாகத் தெரியவில்லை, படித்த கவியின் பேச்சாக இருக்கிறது. பெரிய கவி என்பதற்காக எல்லா வரியையும் ஒரே தட்டில் வைத்துத் தொழ வேண்டும் என்று சட்டமில்லை.

இப்போது பல்லவிக்கு வருவோம். நம்முடைய அணியிலக்கணத்தில் பின்வருநிலையணி என்று ஒன்று உண்டு. முன்னால் வந்த சொல் பின்னாலும் வருவது. வந்த சொல் அதே பொருளில் வந்தால் சொற்பொருள் பின்வருநிலை. வேறு பொருளில் வந்தால் சொல் பின்வருநிலை. ஹைனேயின் பல்லவியை எதில் சேர்ப்பது? அகராதிப்படி பொருள் மாறவில்லை. நெய்வது நெய்வதுதான். ஆனால் கேட்டுப் பாருங்கள்! முதல் சரணத்தின் கடைசியில் அது ஒரு மிரட்டல். கடவுள் சரணத்துக்குப் பிறகு, பிரார்த்தனை பலிக்கவில்லை, இனி எங்கள் கைதான் என்ற முடிவு. அரசன் சரணத்துக்குப் பிறகு, சுட்டாயே, சுட்ட பிறகும் நிறுத்தவில்லை பார் என்ற சவால். சொல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதற்கு முன்னால் நடந்தது மாறுகிறது, அதனால் சொல்லின் கனம் மாறுகிறது. பல்லவியைக் கடைசியில் வைத்ததன் காரணம் இப்போது புரிகிறதா? முதலிலேயே வைத்திருந்தால் அது தலைப்பாக நின்றிருக்கும். கடைசியில் வைத்ததால் ஒவ்வொரு முறையும் பதிலாக வருகிறது.

ஆலைத் தோழர்களுக்கு இதில் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நூற்பு இயந்திரத்தின் முன்னால் நின்று அறுந்த இழையை ஒட்டுகிறோம். மறுபடி அறுகிறது, மறுபடி ஒட்டுகிறோம். ஷிப்டு முழுவதும் அதே கை, அதே அசைவு. முதலாளிக்கு அந்தத் திரும்பத் திரும்ப என்பது உற்பத்தி. நமக்கு அது களைப்பு. அந்தக் களைப்பின் உருவத்தை அப்படியே எடுத்து இந்தக் கவிதை கோபத்தின் உருவமாக மாற்றுகிறது. அதே அசைவு, அதே நாடா, ஆனால் ஒவ்வொரு இழையும் இப்போது எதிரியின் கோடித் துணிக்குப் போகிறது.

ஐந்தாம் சரணம்தான் கவிதையின் உச்சி. 1844-ல் அச்சான வடிவத்தில் நான்கு சரணங்கள்தான். இந்தச் சரணத்தை ஹைனே பிறகுதான் சேர்த்தார். அதன் முதல் வரியில் நாடா பறக்கிறது, தறி சடசடக்கிறது. ஒரே வரியில் இரண்டு முழு வாக்கியங்கள். இங்கே நடுவில் கூடுதல் மெல்லசை ஒன்றுகூடக் கிடையாது. மெல்லசை, வல்லசை என்று மாறிமாறி எட்டே அசைகள். இதுவரை இறுகியும் தளர்ந்தும் வந்த தாளம் இங்கே முறுக்கேறிவிடுகிறது.

இன்னொன்றையும் பாருங்கள். முதல் நான்கு சரணங்களிலும் தொடக்க இரண்டு வரிகள் மெல்லசையில் முடிகின்றன, அடுத்த இரண்டு வல்லசையில் முடிகின்றன. முதலில் ஒரு தணிவு, பிறகு ஓர் அடி. ஐந்தாம் சரணத்தில் அந்தத் தணிவு இல்லை. நான்கு வரிகளும் வல்லசையில் முடிகின்றன. அடி, அடி, அடி, அடி! கேட்பவன் இதை எண்ணமாட்டான். ஆனால் ஏதோ மாறிவிட்டது என்று அவன் உடம்புக்குத் தெரியும். விசைத்தறியின் வேகம் கூடியதை மீட்டரைப் பார்க்காமலே காது சொல்லிவிடுகிறதல்லவா?

பேசுகிறவர் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். கவிதை தொடங்கும்போது கவி வெளியே நின்று பேசுகிறார். அவர்கள் தறியில் உட்கார்ந்திருக்கிறார்கள், கண்ணில் நீர் இல்லை, பல்லைக் கடிக்கிறார்கள் என்கிறார். "அவர்கள்" என்பது இரண்டே வரிதான். மூன்றாம் வரியில் நெசவாளிகள் வாய் திறக்கிறார்கள். அதற்குப் பிறகு கவி திரும்பி வரவே இல்லை! கடைசிச் சரணத்தில் நாடாவும் தறியும் வருகிறபோதாவது மறுபடி வெளியே நின்று வர்ணிக்கலாம் அல்லவா? இல்லை. அந்த வர்ணனையும் நெசவாளியின் வாயிலிருந்தே வருகிறது. பரிதாபப்பட்டுப் பார்க்கிற ஆள் மூன்றாம் வரியோடு கூட்டத்தைவிட்டுப் போய்விட்டார். ஏழைகளைப் பற்றி அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் இரக்கப் பாட்டுகள் மலிந்து கிடந்தன. முதலில் அச்சானபோது இதற்கும் "ஏழை நெசவாளிகள்" என்றுதான் தலைப்பு. பின்னால் "ஏழை" என்ற அடைமொழி போய்விட்டது. இரக்கம் போன இடத்தில் ஊர் வந்து உட்கார்ந்தது.

ஐந்தாம் சரணத்தின் கடைசி மூன்று வரிகள் முதல் சரணத்தின் கடைசி மூன்று வரிகளே. அப்படியே திரும்பி வருகின்றன. ஒரே ஒரு வித்தியாசம். முதல் சரணத்தில் ஜெர்மனியே என்று விளித்தவர்கள் கடைசியில் பழைய ஜெர்மனியே என்று விளிக்கிறார்கள். ஓர் அடைமொழி கூடியிருக்கிறது. எல்லாம் ஒன்றுபோலத் திரும்பி வருகிற இடத்தில் ஒரே ஒரு சொல் புதிதாக வந்தால் காது அதைத்தான் பிடிக்கும். ஆயிரம் கஜ வெள்ளைத் துணியில் ஒரு சிவப்பு இழை! அந்த ஒரு சொல் என்ன சொல்கிறது? சாகப்போவது ஜெர்மன் மக்கள் அல்ல. பாதிரியும் அரசனும் வியாபாரியும் ஆளுகிற அந்தப் பழைய ஜெர்மனி. பழையது என்று ஒன்று இருந்தால் புதியது என்று ஒன்று இருக்க வேண்டும். அதைக் கவிதை சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட இடத்தில் கேட்பவன் தானே அதைச் சொல்லிக்கொள்கிறான்.

முதல் வடிவத்தில் இந்தப் "பழைய" என்ற சொல் முதல் சரணத்திலேயே இருந்தது. அதை அங்கிருந்து எடுத்துக் கடைசிக்கு மாற்றிவைத்தார் ஹைனே. சொல் அதேதான், கருத்தும் அதேதான். இடம் மட்டும்தான் வேறு. முதலில் இருந்தபோது அது வெறும் அடைமொழி, கடைசியில் வந்தபோது தீர்ப்பு. உருவத்தைப் பற்றிக் கவலைப்படுவது உள்ளடக்கத்தைக் கைவிடுவது என்று நினைக்கிற தோழர் இந்த ஒரு திருத்தத்தைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு கேள்வி எழலாம். இந்தக் கவிதையில் ஸ்வான்ஸிகரின் பெயர் ஏன் இல்லை? கூலிக் கணக்கு ஏன் இல்லை? நியாயமான கேள்வி. நெசவாளிகள் தாங்களே கட்டிய "இரத்தத் தீர்ப்பு" பாட்டில் அதெல்லாம் இருந்தது. அது இருபதுக்கும் மேற்பட்ட சரணங்கள் கொண்ட நீண்ட பாட்டு, பழைய நாட்டுப்பாடல் ஒன்றின் மெட்டில் பாடியது. முதலாளியின் பெயரைச் சொல்லி அவன் வாசலிலேயே பாடுவதற்கு அப்படிப்பட்ட பாட்டுத்தான் வேண்டும். ஹைனேயின் கவிதை வாசல் பாட்டு அல்ல. அது வியாபாரியைத் தாண்டி, வியாபாரிக்குக் காவல் நிற்கிற மூன்று பேரைப் பிடிக்கிறது. வாசலில் பாட ஒரு பாட்டு, நாடெங்கும் போக ஒரு பாட்டு. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் குறைசொல்வதும் சரியல்ல. நம்மிடம் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் இருந்தார். 29 வயதில், 1959-ல் மறைந்துவிட்டார். விவசாயிகள் இயக்கத்தில் வளர்ந்தவர். "ஜனசக்தி"யிலும் எழுதினார், சினிமாவுக்கும் எழுதினார். எந்த இடத்துக்கு எந்த மெட்டு என்று அவருக்குத் தெரியும்.

கடைசியாக, தமிழில் இதைக் கொண்டுவருவது பற்றி. இங்கே பாட்டுக் கட்டுகிற தோழர்கள் சிலர் கேட்டார்கள். தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு. வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். "நாங்கள்" என்று தனியாகச் சொல்லாமலே "ஓம்" என்ற விகுதி எல்லோரையும் கூட்டிவந்துவிடும். "நெய்கிறோம்" என்பது நேர் நிரை, கூவிளச் சீர். இரண்டு கூவிளம் அடுத்தடுத்து நின்றால் நாடா போய்வருகிற ஓசை தானாகக் கிடைக்கும். ஆனால் "டூஹ்", "ஃப்ளூஹ்" போலத் துணியையும் சாபத்தையும் ஒட்டவைக்கிற ஓசை தமிழில் எளிதில் கிடைக்காது. அதைத் தேடிப்போய்ப் பொருளைக் கெடுத்துவிடாதீர்கள்.

எங்கெல்ஸ் இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ராபர்ட் ஓவனைப் பின்பற்றியவர்கள் நடத்திய "புதிய தார்மிக உலகம்" என்ற ஏட்டில் 1844 டிசம்பர் 13-ல் அது வந்தது. கவிதை வெளிவந்த ஐந்தே மாதத்தில்! அப்போது எங்கெல்சுக்கு வயது 24. இங்கிலாந்தின் தொழிலாளர்கள் ஜெர்மன் தொழிலாளியின் குரலைக் கேட்க வேண்டும் என்ற அவசரம். அவர் இயைபை விட்டுவிட்டார். அழுத்தக் கணக்கையும் அப்படியே பின்பற்றவில்லை. ஆனால் ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் அந்த வினைச்சொல்லை இரண்டு முறை வைத்தார், ஓரிடத்திலும் விடவில்லை. தமிழில் கட்டுகிறவர்களும் அங்கிருந்து தொடங்கலாம். முதலில் ஐந்தாம் வரியைக் கட்டுங்கள். அது தறியில் நிற்கிறதா என்று ஒரு நெசவாளித் தோழரைக் காலால் மிதித்துக்கொண்டே சொல்லச் சொல்லிப் பாருங்கள். நின்றால், மற்ற நான்கு வரிகளை அதற்கு மேலே ஏற்றுங்கள். அடுத்த வகுப்புக்கு யாராவது ஒரு சரணம் கொண்டுவந்தால் அதை இங்கேயே பிரித்துப் பார்க்கலாம்.